வேகம் இல்லை, தூரம் இல்லை, கோடு மட்டும்

மண்டபத்தில் இருந்த எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தேன். வைத்த கண்ணை எடுக்க முடியவில்லை.

கோலா சிலாங்கூர் பக்கம், அசாம் ஜாவா என்ற எங்கள் ஊரில் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மண்டபம் அது. சனிக்கிழமைதோறும் அங்கேதான் என் கணக்கு வகுப்பு. அன்றைக்கு வகுப்பு முடிந்து பெற்றோர் கூட்டம். தகரக் கூரைமேல் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. யாரோ கொண்டுவந்திருந்த வறுத்த மீகூன் சேமியாப் பொட்டலங்களின் வாசனையும் ஈரக் குடைகளின் வாசனையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின.

கூட்டத்துக்கு ஒரே ஒரு காரணம்தான். வகுப்பைத் தமிழிலேயே நடத்துவதா, அல்லது அடுத்த மாதத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டும். ஆங்கிலம் என்று முடிவானால் கிள்ளானிலிருந்து வேறொருவர் வந்து நடத்துவார். எனக்கு அங்கே வேலை இல்லை.

மாற்ற வேண்டும் என்று பெற்றோர்களைத் திரட்டியவள் பரமேஸ்வரி. பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை பார்க்கிறாள். அவள் மகள் துர்கா ஆறாம் ஆண்டு படிக்கிறாள். என் வகுப்பில் முதலில் கை தூக்குகிற பிள்ளை. பரமு எழுந்து நின்று மிகவும் மரியாதையாகத்தான் பேசினாள்.

"டீச்சர் நல்லாத்தான் சொல்லிக் குடுக்கறாங்க. அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா கணக்குன்னா இங்கிலீஷ்லதான் லா முழுசா வரும். தமிழ்ல பாதிதான் வருது. அதான்."

பாதியா? எனக்குச் சுருக்கென்றது. என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், எனக்குக் கோபம் மூக்கு நுனியில். முன்வரிசையில் துர்கா உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் எங்கள் பயிற்சி நூல் இருந்தது. அதை வாங்கினேன். 'வேகம்' என்று தலைப்பிட்ட பாடத்தைப் பிரித்து, பெற்றோர் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, பட்டிமன்றத்தில் பேசுகிற மாதிரி குரலை உயர்த்தினேன்.

"பாருங்க! எது பாதி? இங்கிலீஷ் புத்தகத்துல சமன்பாடு எப்படி இருக்கோ அப்படியே தமிழ்லயும் இருக்கு. ஒரு வார்த்தை குறையுதா, சொல்லுங்க!"

சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகுதான் நான் பக்கத்தை என் பக்கம் திருப்பினேன்.

'வேகம்' என்ற சொல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு சமக்குறி. அதற்குப் பிறகு ஒரு குட்டைப் பின்னக்கோடு. கோட்டுக்கு மேலே 'தூரம்' இல்லை; அதற்குப் பக்கத்தில் அலகாகப் போட்ட km மட்டும் சாய்ந்து நின்றது. கீழே 'நேரம்' இல்லை. h மட்டும் நின்றது.

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அதற்கடுத்த பக்கம். எல்லாவற்றிலும் அதே கதை. கேள்விகள் முழுதாக இருந்தன. 'ஒரு பேருந்து கோலா சிலாங்கூரிலிருந்து கிள்ளானுக்குப் புறப்பட்டது' என்று தமிழ் அழகாக ஓடியது. சமன்பாடு வந்த இடத்தில் மட்டும் தமிழ் இல்லை. மீனைத் தின்றுவிட்டு முள்ளை மட்டும் தட்டில் வைத்த மாதிரி கூட்டல், கழித்தல், சமக்குறிகள் மட்டும் மிஞ்சிக் கிடந்தன.

மழைச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

இவரும் கணினியும்

அந்த நூல் உருவான கதையைச் சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

என் கணவர் ஆரோக்கியம் ஓர் எண்ணெய் ஆலையில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற ஆண்கள் தோட்டம் போடுவார்கள், மீன் பிடிப்பார்கள், மனைவியின் சமையலில் தலையிடுவார்கள். இவர் மூன்றாவதைக் கொஞ்ச நாள் செய்து பார்த்தார். நான் விடவில்லை. பிறகு கணினி முன்னால் போய் உட்கார்ந்தார்.

கணக்குப் புத்தகங்களை அச்சுக்கோப்பதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கிறது. அதில் நாம் பார்க்கிறபடி பக்கம் தெரியாது. ஒரு திரையில் கட்டளைகளாகத் தட்டெழுத வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் அது வேறொரு கோப்பாக, வெளிநாட்டுப் பாடப்புத்தகம் மாதிரி, பக்கத்தைக் கோத்துக் கொடுக்கும். பின்னக்கோடும் வர்க்கமூலக் குறியும் அத்தனை நேர்த்தியாக உட்காரும். இவர் அதில் மயங்கிப்போனார். நானும்தான்.

எனக்கு ஒரு நீண்ட நாள் ஆசை இருந்தது. v, s, t என்று எழுதினால் எங்கள் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். "டீச்சர், v யாரு?" என்று ஒருவன் கேட்டான். யாரோ தெரியாத ஆள் வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி அவன் முகம் போனது. அதே இடத்தில் 'வேகம்' என்று எழுதிப் பாருங்கள், பயம் பறந்துவிடும். எழுத்துகளைப் பிறகு மெதுவாக அறிமுகப்படுத்தலாம். அதனால் என் சமன்பாடுகளில் எல்லாம் சொற்கள்தான் வேண்டும் என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

"அதுக்கென்ன, போட்டா போச்சு," என்றார்.

சாய்ந்த எழுத்துகள்

முதலில் ஆங்கிலத்தில் போட்டுப் பார்த்தார். வந்த பக்கத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. distance என்ற சொல்லின் எழுத்துகள் எல்லாம் காற்றில் சாய்ந்த லாலான் புல் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன. இரண்டு சொற்களுக்கு நடுவில் விட்ட இடைவெளியையும் அது விழுங்கியிருந்தது.

அந்த மென்பொருளுக்குள் இரண்டு அறைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சொற்களின் அறை. மற்றது கணக்கின் அறை. கணக்கின் அறைக்குள் போகும் எழுத்து ஒவ்வொன்றும் அதற்கு மதிப்புத் தெரியாத ஒரு தனி எண். d என்றால் ஒன்று, i என்றால் இன்னொன்று. அதனால் சாய்த்து, நெருக்கிப் போடும். அது வார்த்தை என்று அதற்குத் தெரியாது.

"என்னங்க இது, கள்ளு குடிச்ச மாதிரி நிக்குது?" என்றேன்.

"சாஞ்சா என்னடி, விழல இல்ல? படிக்க வருதா, இல்லையா?"

படிக்க வந்தது. பிறகு அந்த ஆங்கிலச் சொற்களை எடுத்துவிட்டு, அவற்றின் இடத்தில் தமிழைத் தட்டெழுதினார். அலகுகளை அப்படியே விட்டார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தமிழ் நிமிர்ந்து நின்றது!

"பாத்தியா, தமிழ் சாயாது!" என்று மார் தட்டினார். எனக்கும் பெருமையாக இருந்தது. உட்கார்ந்து ஓர் எழுத்து விடாமல் பிழை திருத்திக் கொடுத்தேன்.

நாங்கள் பார்த்தது கட்டளைகள் எழுதும் திரையை. கோத்து முடித்த பக்கத்தை இல்லை. பொத்தானை அழுத்தினார். மென்பொருள் 'பிழை எதுவும் இல்லை' என்றது. அதை அப்படியே நகலெடுக்கும் கடைக்கு அனுப்பினார். கடைக்காரர் கட்டுக்கட்டாகத் தைத்துக் கொடுத்ததைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டோம். "நமக்கெதுக்கு ஒண்ணு, அதான் கம்ப்யூட்டர்ல இருக்கே," என்று காகிதத்தை மிச்சம் பிடித்தார் மனுஷர்.

வகுப்பில் நான் வெண்பலகையில்தான் எழுதுவேன். நூல் வீட்டுப் பயிற்சிக்கு. பிள்ளைகள் விடைகளைத் தனித்தாளில் எழுதி வருவார்கள். நான் அந்தத் தாளைத்தான் திருத்துவேன். கேள்வியைப் படித்தே கணக்கைப் போட்டுவிடலாம் என்பதால் விடைகளும் பெரும்பாலும் சரியாக இருந்தன. அப்புறம் எனக்கு எப்படித் தெரியும்?

அந்தச் சனிக்கிழமைவரை, மாதக்கணக்கில், அந்த முட்களை நான் பார்க்கவே இல்லை.

துர்கா சொன்னது

மண்டபத்துக்கே திரும்பி வருகிறேன்.

பெற்றோர்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். கேட்ட குரல் என்னுடையது மாதிரியே இல்லை.

"துர்கா, உன் புத்தகத்துல வார்த்தையெல்லாம் காணோமே. நீ பாக்கலயா?"

"பாத்தேன் டீச்சர்."

"எப்போ?"

"குடுத்த அன்னிக்கே."

"அப்புறம் ஏம்மா என்கிட்ட சொல்லல?"

அவள் விழித்தாள். நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி பக்கத்திலிருந்த பிள்ளைகளைப் பார்த்தாள். அவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள்.

"அது அப்படித்தான் இருக்கும்னு நெனச்சோம் டீச்சர். கணக்குக்குள்ள தமிழ் வராதுல்ல?"

அழுகை இல்லை, புகார் இல்லை. மழை பெய்தால் நனையும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"யாரு சொன்னா?"

"பாருங்க, km வந்திருக்கு. தமிழ்தான் வரல." விரலை வைத்துக் காட்டினாள். "போன்லகூட சில நேரம் தமிழ் பெட்டி பெட்டியாத்தான் டீச்சர் வரும்."

வாசகர்களே, என் அம்மா இறந்த செய்தியை நான் தொலைபேசியில் கேட்டவள். வெள்ளம் வந்து வீட்டுச் சாமான் மிதந்ததைப் பார்த்தவள். அப்போதெல்லாம் அழுதேன், ஓடினேன், ஏதாவது செய்தேன். அன்றைக்கு மரம் மாதிரி நின்றேன். ஒரு வகுப்புப் பிள்ளைகள் முழுவதும், மாதக்கணக்கில், வெற்றிடத்தைப் பார்த்து இதுதான் இயல்பு என்று பக்கத்தைப் புரட்டியிருக்கிறார்கள். நான் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள்!

கோயில் தலைவர் முனியாண்டி அண்ணன் நல்ல மனுஷர். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"சரி சரி, மழையும் விடற மாதிரி இல்ல. முடிவ அடுத்த சனிக்கிழமைக்கு வச்சிக்குவோம். எல்லாரும் மீகூன் எடுத்துக்குங்க."

மீகூனை நான் தொடவில்லை.

அம்மாவும் மருந்தகமும்

வீட்டுக்கு வருகிற வழியில் எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. நான் பிறந்து வளர்ந்தது பத்தாங் காலியில்.

அங்கே அரசாங்க மருந்தகத்தின் சுவரில் அறிவிப்புகள் ஒட்டியிருப்பார்கள். அம்மா எந்த அறிவிப்பையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். "நமக்கு இருக்காது," என்பார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அதனால் அது அவருக்கு ஒரு பழக்கமாகிவிட்டது.

ஒரு நாள் காலை சர்க்கரை மருந்து வாங்கப் போனோம். வழக்கமான சன்னலுக்கு முன்னால் போட்டிருந்த பலகையில் உட்கார்ந்தோம். ஒருவரும் கூப்பிடவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் மருந்துப் பையோடு திரும்பிப் போனார்கள். வெயில் ஏறி அம்மாவுக்குத் தலை சுற்ற ஆரம்பித்த பிறகுதான் நான் எழுந்து போய்ச் சன்னலைத் தட்டினேன். சன்னல் மூடியிருந்தது. அதன்மேல் ஒரு தாள். மருந்து கொடுக்கும் இடத்தைப் பின்கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று அதில் எழுதியிருந்தது. மலாயில் இருந்தது, சீனத்தில் இருந்தது, கீழே தமிழிலும் இருந்தது. கொட்டை எழுத்தில்.

"அம்மா, தமிழ்ல போட்டிருக்கும்மா!" என்று கத்தினேன்.

அம்மா நம்பவில்லை. கிட்ட வந்து, கண்ணைச் சுருக்கி, எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "எப்ப லா போட்டானுங்க?" என்றார். அன்றைக்கு எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

துர்காவின் முகத்தைப் பார்த்த பிறகு இப்போது அந்தக் கதையில் சிரிக்க எனக்கு ஒன்றும் இல்லை.

சொல்லுக்கு ஓர் உறை

வீட்டில் பூகம்பம்தான். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க போச்சுங்க என் வார்த்தையெல்லாம்?"

இவர் பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நேரே போய்க் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டார். சண்டைக்கு ஆள் கிடைக்காமல் நான் மட்டும் கொஞ்ச நேரம் தனியாகக் கத்திக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். கணக்கின் அறைக்கென்று தனி எழுத்துரு இருக்கிறது. அதில் ஆங்கில எழுத்துகள் உண்டு, கிரேக்க எழுத்துகள் உண்டு. தமிழ் இல்லை. உள்ளே தமிழ் வந்தால் அது திண்டாடி நிற்காது, மணியடிக்காது, வேலையை நிறுத்தாது. எழுத்தைக் கீழே போட்டுவிட்டு மேலே போய்விடும். 'இந்த எழுத்து என்னிடம் இல்லை' என்று யாரும் திறந்து பார்க்காத ஒரு மூலையில் முணுமுணுத்துவிட்டு, வாசலில் வந்து 'பிழை எதுவும் இல்லை' என்று சிரிக்கும்.

"பிழை இல்லையாம்! இத்தன வார்த்தைய முழுங்கிட்டுப் பிழை இல்லையாம்!" என்று நான் திரையைப் பார்த்துக் கத்தினேன்.

"அதுக்குத் தெரியாதுடி," என்றார் இவர் தாழ்ந்த குரலில். "அது வார்த்தைன்னு நாமதான் சொல்லணும்."

சொல்வதற்கு வழி இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். மென்பொருளின் உதவிப் பக்கத்தில், முதல் பாடங்களிலேயே இருந்தது. கணக்கின் அறைக்குள் ஒரு சாதாரணச் சொல்லை அனுப்ப வேண்டுமானால் அதற்கு ஓர் உறை போட வேண்டும். ஒரு பின்சாய்வுக்கோடு, நான்கெழுத்துக் கட்டளை, அப்புறம் நெளிந்த அடைப்புக்குறிக்குள் நம் சொல். அவ்வளவுதான். உறைக்குள் இருப்பது வார்த்தை என்று அதற்குப் புரிந்துவிடும். சாய்க்காது, நெருக்காது, விழுங்காது. பெரிய எழுத்தின் காலடியில் சிறு குறிப்பாகப் போட்டால் தானே சிறுத்தும் கொள்ளும். வாசிக்கச் சோம்பல் பட்டு, சாய்ந்தாலும் பரவாயில்லை என்று இவர் தாண்டி வந்த பாடம் அது.

ஒரு சொல்லுக்கு உறை போட்டுக் காட்டினார். வந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

பசாரில் பரமு

நடுவில் ஒரு நாள் கோலா சிலாங்கூர் பசாரில் பரமுவைப் பார்த்தேன். கையில் கங்கோங் கீரைக் கட்டு. என்னைப் பார்த்ததும் நழுவப் பார்த்தாள். நான் விடுவேனா?

"பரமு, கண்டுபிடிச்சாச்சு. அது மெஷின் கோளாறு. தமிழ் வரும். எல்லாம் வரும்."

"சும்மா சொல்லாதீங்க டீச்சர்." அவள் குரலில் கோபம் இல்லை. எனக்கு ஆறுதல் சொல்கிற குரலாக இருந்தது. "நீங்களும் என்ன செய்வீங்க? பாவம், சாரும் எவ்வளவு கஷ்டப்பட்டு அடிச்சிருக்காரு. எங்க எல்லாருக்கும் தெரியும் லா."

"எல்லாருக்கும் என்ன தெரியும்?"

"அந்தப் புத்தகம். வந்த வாரத்துலயே நாங்க பேசிக்கிட்டோம். டீச்சர்கிட்ட கேட்டா அவங்க மனசு நோகும், தமிழ்ல வராததுக்கு அவங்க என்ன பண்ணுவாங்கன்னு விட்டுட்டோம். அதுக்கப்புறம்தான் டீச்சர் இங்கிலீஷ் பேச்சே எடுத்தோம். பிள்ளைங்க பாதிப் புத்தகத்த வச்சிக்கிட்டு எப்படிப் படிக்கும், நீங்களே சொல்லுங்க?"

மீன் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

கிள்ளான்காரரின் ஆங்கிலத்துக்கு மயங்கி என் வகுப்பைக் கலைக்கப் பார்க்கிறார்கள் என்று நான் மனசுக்குள் எத்தனை திட்டு திட்டியிருப்பேன்! 'தமிழ்ல பாதிதான் வருது' என்று பரமு சொன்னது கண்ணால் கண்டதை. ஒரு சொல் குறையக்கூடாது என்று நான் போட்ட புத்தகமே என் வகுப்புக்கு உலை வைத்திருக்கிறது. ஊருக்கே தெரிந்திருக்கிறது. மரியாதைக்காக என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே பரமு."

"எப்படி டீச்சர் கேக்கறது?" என்றாள் அவள். கங்கோங் கட்டை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். "இல்லாதத இல்லன்னு தெரிஞ்ச பிறகு, ஏன் இல்லன்னு கேட்டா சண்டை மாதிரி ஆயிடும்."

அவள் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். புதிதாக அச்சடித்துக் கொடுத்துவிடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். அச்சடித்துக் கொடுத்தால், டீச்சர் எங்கேயோ வெட்டி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று பரிதாபப்படுவார்கள். மறுபடியும் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொள்வார்கள். அந்த மரியாதையை இன்னொரு முறை என்னால் தாங்க முடியாது.

"அவங்க கண்ணு முன்னால வரணும். சுவத்துல," என்றேன்.

சுவரில்

அடுத்த சனிக்கிழமை மழை இல்லை. மண்டபம் வெக்கையாக இருந்தது. திருவிழாப் படம் காட்டுகிற கோயில் புரொஜெக்டரை முனியாண்டி அண்ணன் துணி மூட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வெள்ளையடித்த சுவரில் ஒளி விழுந்தது. இவர் கணினியோடு உட்கார்ந்தார். பரமு முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு.

"முதல்ல பழைய மாதிரியே போடுங்க," என்றேன்.

போட்டார். எழுதும் திரையில் தமிழ் நன்றாகத் தெரிந்தது. பொத்தானை அழுத்தினார். சுவரில் ஒரு சமக்குறியும், ஒரு குட்டைக் கோடும், km-உம், h-உம் வந்து நின்றன.

"இதான் எங்க புத்தகம்!" என்றது ஒரு பிள்ளை. பெரியவர்கள் நாற்காலியில் நெளிந்தார்கள்.

"இப்ப உறை," என்றேன்.

இவர் முதல் சொல்லுக்கு மட்டும் உறை போட்டார். பொத்தானை அழுத்தினார். கணினி ஒரு மூச்சு விடும் நேரம் யோசித்தது. எனக்கு அது போதாதா? வராவிட்டால் என்ன செய்வேன் என்று அதற்குள் நினைத்துவிட்டேன்.

சமக்குறி சற்றே வலப்பக்கம் நகர்ந்தது. அது விட்ட இடத்தில் 'வேகம்' வந்து நின்றது. சாயாமல், நேராக, கருப்பாக.

கைதட்டுவார்கள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். தட்டவில்லை. சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். போன வாரம் எனக்கு விழுந்த அடி இந்த வாரம் அவர்களுக்கு விழுந்தது என்பது அந்த முகங்களைப் பார்த்தபோது தெரிந்தது.

இவர் அடுத்ததைப் போட்டார். மேலே 'தூரம்' வந்தது. குட்டையாக இருந்த பின்னக்கோடு சொல்லின் அகலத்துக்கு நீண்டுகொண்டது. கீழே 'நேரம்' வந்தது.

துர்கா எழுந்தாள். யாரையும் கேட்காமல் சுவருக்குப் போனாள். அவள் நிழல் பாதிச் சமன்பாட்டை மறைத்தது. ஒதுங்கி நின்று, 'தூரம்' என்ற சொல்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

"அம்மா, வருதும்மா."

பரமு கட்டியிருந்த கையைப் பிரித்தாள்.

"வராதுன்னு நீதான சொன்ன? புத்தகம் குடுத்த அன்னிக்கு, நான் கேட்டேன்ல? தமிழுக்கு அப்படித்தான் இருக்கும், நீ கணக்கப் போடுன்னு சொன்னியே?"

பிள்ளை குற்றம் சாட்டவில்லை. அவள் உண்மையாகவே கேட்டாள். அதனால்தான் அது அத்தனை பேருக்கும் உறைத்தது.

பரமு எழுந்து நின்றாள். முகம் சிவந்து, உதடு துடித்தது. மகளை அடித்துவிடுவாளோ என்று நான் ஓரடி முன்னால் வைத்தேன்.

"எனக்கு யாருடி வரும்னு சொன்னா?" என்றாள்.

அந்தக் குரலை இன்னும் என் காதிலிருந்து எடுக்க முடியவில்லை. துர்கா வந்து அம்மாவின் வலது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பரமு போனாள். இரண்டு பேரும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவருக்கு முன்னால் நின்றார்கள். அம்மாவின் விரலை எடுத்து மகள் அந்த எழுத்தின்மேல் வைத்தாள்.

முனியாண்டி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எப்படியும் முடிவு எடுத்துத்தானே ஆக வேண்டும்?

"சரி. இங்கிலீஷுக்கு மாத்தணும்கறவங்க கை தூக்குங்க," என்றார்.

பின்வரிசையில் சில கைகள் எழுந்தன. தயங்கி, பாதியில் நின்றன. எல்லோரும் பரமுவின் முதுகைப் பார்த்தார்கள். அவள்தானே இதை ஆரம்பித்தவள். அவள் கை எழுந்தால் மற்றவையும் எழும். அவள் கை சுவரில், மகளின் கைக்குள் இருந்தது.

"பரமு," என்றார் அண்ணன். "உன் கை என்னம்மா சொல்லுது?"

அவள் திரும்பவில்லை.

"கொஞ்சம் இருங்க தலைவரே," என்றாள். "படிச்சிக்கிட்டு இருக்கேன்."